ஒரு வருசத்துக் கடிதாசி

ஹிஷாம் அன்றைக்கு ஏழாவது வீட்டைப் பார்க்கப் போயிருந்தான். சுவீடனில், எல்ம்விக் என்ற சின்னப் பட்டணத்தில், அப்போது காலை பத்து மணி. கிழக்கிலங்கையில், மருதமுனையில் பின்னேரம் இரண்டரை. மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. அவன் மனைவி ஸுஹைறா மண்டபத்தில் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கச்சி றிஸ்லாவின் கலியாணத்துக்குத் தலகணி உறை தைத்துக்கொண்டிருந்தாள். போன் மெஷின் பலகையிலேயே கிடந்தது. ஒவ்வொரு உறை முடியும்போதும் அதைத் தொட்டுப் பார்த்தாள். ஆறாவது உறைக்கு ஓரம் அடிக்கையில் நூல் இரண்டு தடவை அறுந்தது.

முற்றத்தில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. வாப்பா முகைதீன்பாவா வயலிலிருந்து வந்திருந்தார். முழங்கால் வரை சேறு. பைப்படியில் கால் கழுவிக்கொண்டே குரல் கொடுத்தார்.

“மருமகன் கதைச்சாரா, புள்ள?”

“இன்னும் இல்ல வாப்பா. ஊடு பாக்கப் போயிரிக்காரு.”

“கிடைக்கும். இன்ஷா அல்லாஹ் கிடைக்கும்.” மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு உள்ளே வந்தார். “இஞ்ச வெள்ளாம முழுக்கச் சாஞ்சு கிடக்கு. சொறிக்கல்முனைத் தங்கராசாட வயலும் அப்படித்தான். ரெண்டு நாள் நல்ல வெயில் எறிச்சாத்தான் வெட்டு மெஷின் இறங்கும். இல்லாட்டி நெல்லு வயலுக்குள்ளயே முளைச்சிரும்.”

வெட்டு முடிந்தால்தான் கலியாணம். கலியாணம் நோன்புக்கு முன்னால் முடிய வேண்டும். அதற்கு முன்னால் இந்த வீடு றிஸ்லாவின் பேருக்கு மாற வேண்டும். இது மாறுவதற்கு முன்னால் ஹிஷாமுக்கு அங்கே ஒரு வீடு கிடைக்க வேண்டும். எல்லாம் ஒன்றின் தலையில் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தது. அடியில் எங்கேயோ முன்பின் தெரியாத ஓர் ஊரில், பனிக்குள்ளே, ஹிஷாம் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு நின்றான்.

இந்தக் கடற்கரைப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுடையது. பெண்பிள்ளை பிறந்த வீட்டில் கல்லும் மண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும். கலியாணத்தன்று மாப்பிள்ளைதான் தன் உடுப்புப் பையோடு வந்து ஏறுவான். வாடகைக்கு இருப்பதெல்லாம் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்கள் செய்கிற காரியம். முகைதீன்பாவா பத்து வருசமாக இரண்டு போக விளைச்சலிலும் பாதியை ஒதுக்கி ஒதுக்கி, வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும் என்பது முதல் தானே பார்த்து இந்த வீட்டைக் கட்டினார். மூத்தவள் ஸுஹைறாவுக்கு உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு, அவரும் மனைவி பாத்தும்மாவும் இளையவளோடு வளவின் பின்பக்கம் ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியுமாக ஒதுங்கிக்கொண்டார்கள். றிஸ்லாவுக்கு இன்னொன்று கட்ட வேண்டும் என்றுதான் இருந்தார். இரண்டு வருசம் தொடர்ந்து விளைச்சல் பொய்த்தது. அத்திவாரம் போட்டதோடு அது நின்றது. அத்திவாரத்துக்குள் இப்போது மழைத் தண்ணீர் நின்று தவளை கத்தியது.

ஹிஷாம் சாய்ந்தமருதுப் பிள்ளை. வெல்டிங் வேலை. கத்தாருக்குப் போனான், அங்கிருந்து சுவீடனுக்கு ட்ரெய்லர் செய்கிற கம்பெனி ஒன்றுக்குப் போனான். நாலு வருசம் முடிந்து, அந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்ததும் மனைவியையும் ஐந்து வயது மகள் அம்றாவையும் கூப்பிட மனுப் போட்டான். சேதி கேட்டதும் முகைதீன்பாவாவுக்கு வழி திறந்த மாதிரி இருந்தது. மூத்தவள் போகிறாள், வீடு இளையவளுக்கு. அன்றைக்கே றிஸ்லாவுக்கு மாப்பிள்ளை பேசி வாக்கும் கொடுத்துவிட்டார். ஸுஹைறாவும் “ஓம் வாப்பா” என்றுதான் சொன்னாள். வேறு என்ன சொல்வது?

மூன்றே கால் மணிக்குப் போன் அடித்தது. ஹிஷாம் தெருவில் நடந்துகொண்டே வீடியோவில் கதைத்தான். தொப்பியின் விளிம்பில் பனி ஒட்டியிருந்தது. மூக்கு சிவந்திருந்தது.

“கிடைக்கல்ல.”

“ஏனாம்?”

“ஆறு பேர் வந்த. அதில ஒரு பொடியனுக்கு நாலாயிரத்திச் சொச்சம் நாள்.”

“நாளெண்டா?”

“வரிசையில நிண்ட நாள். நகரசபைட ஊடுகளுக்குப் பேரப் பதியோணும். பதிஞ்ச நாளில இருந்து ஒரு நாளைக்கு ஒரு புள்ளி. எனக்கு எழுநூத்திப் பதினெட்டு.”

“நாலாயிரம் நாளெண்டா பதினொரு வருசம்! அவன் சின்னப் புள்ளையில இருந்தே வரிசையில நிண்டானா?”

“உம்மாக்காரி பதிஞ்சிரிப்பா. நம்மட ஊரில பொம்புளப் புள்ள பொறந்த உடன கல்லுச் சேக்கிற மாதிரி, இவங்க பேரப் பதியிறாங்க.” அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. “கம்பெனி தந்த அறையில என்னோட இன்னும் ரெண்டு பொடியன்மார். அதக் காட்டினா இமிக்ரேசன்காரன் ஏத்துக்க மாட்டான். போன முறை நடந்தது தெரியுந்தானே.”

தெரியும். வேலைத்தலத்துச் சிநேகிதன் ஒருவன் தான் இருந்த வாடகை வீட்டை இவனுக்கு மாற்றித் தருவதாக எழுதிக் கொடுத்தான். வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதம் அதில் இல்லை. குடியேற்றக் கந்தோர் அதைத் திருப்பி அனுப்பி, ஒரு வருசத்துக்குக் குறையாத, முறையான வாடகை ஒப்பந்தம் பெப்ரவரி ஐந்தாம் திகதிக்குள் வேண்டும் என்று எழுதியிருந்தது. இன்னும் பத்தொன்பது நாள்.

“ஒரு கிழவி இரிக்கா,” என்றான் ஹிஷாம். “கடையில சின்னத் துண்டொண்டு ஒட்டியிருந்தா. பேரு பிர்கித்தா. கீழ அவ இரிக்கா, மேல்மாடி வாடகைக்கு. ரெண்டு அறை, குசினி. போய்க் கதைச்சன். அவ வரிசை கிரிசை ஒண்டும் பாக்கிறயில்ல. ஆனா உங்களப் பாக்கோணுமாம்.”

“எங்களயா? எப்படி?”

“போனில. நாளைக்கு. வாற ஆக்கள் ஆரெண்டு தெரியாம என்ட தலைக்கு மேல நடக்க விடமாட்டன் எண்டு சொல்றா.”

மறுநாள் பின்னேரம் மண்டபத்தில் எல்லாரும் கூடிவிட்டார்கள். பாத்தும்மா கதிரைகளைத் துடைத்தாள். றிஸ்லா போனை நிமிர்த்தி வைக்கச் சீனிப் போத்தலைக் கொண்டுவந்தாள். அம்றாவுக்குப் பெருநாள் சட்டை போட்டிருந்தது. முகைதீன்பாவா உள்ளே நிற்பதா வெளியே போவதா என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் நின்றார்.

படத்தில் வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு கிழவி தெரிந்தாள். மூக்கின் நுனியில் கண்ணாடி. பக்கத்தில் ஹிஷாம், வாத்தியாருக்கு முன்னால் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு.

“ஹேய்,” என்றாள் ஸுஹைறா. இரண்டு வாரமாகப் போனில் பார்த்துப் பழகிய சொல்.

கிழவியின் முகத்தில் ஒரு அசைவு. சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியாது. ஏதோ கேட்டாள். ஹிஷாம் தமிழில் சொன்னான்.

“புள்ள ஓடுமா எண்டு கேக்கிறா. முந்தி இருந்தவன் சப்பாத்தோட நடப்பானாம். இவவுக்குத் தலையிடியாம்.”

“ஓடுவாதான். அஞ்சு வயசுப் புள்ள ஓடாம இரிக்குமா? ஆனா நாங்க ஊட்டுக்குள்ள செருப்புப் போடுறயில்லையெண்டு சொல்லுங்க.”

அதைக் கேட்டதும் கிழவி தலையை ஆட்டினாள். அடுத்த கேள்வி சமையல் பற்றியது.

“என்ன ஆக்குவீங்களாம். மணம் கீழ இறங்குமாம்.”

ஸுஹைறா உம்மாவைப் பார்த்தாள். பாத்தும்மா கிசுகிசுத்தாள்: “பாணும் பட்டரும் எண்டு சொல்லு புள்ள.”

“சோறும் மீனாணமும்,” என்றாள் ஸுஹைறா. “கிழமையில ஒரு நாள் புளியாணம். மணக்கும். பொய் சொல்ல ஏலா. அவவுக்கும் ஒரு கோப்பை குடுப்பன்.”

ஹிஷாம் மீன் குழம்பையும் புளிக் குழம்பையும் மொழிபெயர்த்தபோது கொஞ்சம் தடுமாறினான். கிழவி இப்போது நன்றாகவே சிரித்தாள். பனி அள்ளுவது யார் முறை, உடுப்புத் தோய்க்கிற அறையை யார் எந்த நாள் பாவிப்பது என்று இன்னும் நாலைந்து கேட்டாள். பிறகு கையைச் சுற்றிக் காட்டினாள்.

“நீ இப்ப இரிக்கிற ஊட்டக் காட்டட்டாம்.”

ஸுஹைறா போனைத் தூக்கினாள். மண்டபம், மாபிள் பதித்த நிலம், இரண்டு பக்கமும் அறைகள், குசினி, பின்னால் கிணறு, முற்றத்தில் மழையில் நனைகிற தோடை மரம். கிழவி கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரு கேள்வி கேட்டாள். ஹிஷாம் அவளுக்குப் பதில் சொன்னான். அவள் இன்னொன்று கேட்டாள். இந்த முறை ஹிஷாம் போனைப் பார்க்காமல் தலையைக் குனிந்தான்.

“என்னவாம்?” என்றாள் ஸுஹைறா.

“ஒண்டுமில்ல. நல்ல ஊடாம்.”

“இல்ல. அவ கேட்டத அப்படியே சொல்லுங்க.”

“இது ஆர்ர ஊடெண்டு கேட்டா. உன்ட எண்டு சொன்னன். சொந்த ஊட்ட வைச்சிக்கிட்டு அவள் ஏன் என்ட மேல்மாடிக்கு வாடகைக்கு வாறா எண்டு கேக்கிறா.”

கதவுக்குப் பின்னால் முகைதீன்பாவா இருமினார்.

ஸுஹைறாவுக்கு முகம் சூடாகிவிட்டது. இந்தக் கேள்வியை இதுவரை ஒருத்தரும் அவளிடம் கேட்டதில்லை. வாப்பா கேட்கவில்லை, உம்மா கேட்கவில்லை, ஹிஷாம் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

“சொல்லுங்க,” என்றாள் மெதுவாக. “அம்றாக்கிட்டப் பென்சிலக் குடுத்து அவட வாப்பாவப் படம் கீறச் சொன்னா, நெஞ்சுக்கு மேலதான் கீறுவா. கால் கீற மாட்டா. ஏனெண்டு கேட்டா, வாப்பாக்குக் கால் இரிக்கா உம்மா எண்டு கேக்கிறா. அதுக்குத்தான் வாறன் எண்டு சொல்லுங்க.”

ஹிஷாம் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு நாலு சொல்லில் ஏதோ சொன்னான். பிர்கித்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, வியாழக்கிழமை முடிவு சொல்வதாகச் சொல்லி எழுந்துபோனாள்.

வியாழன் அன்று வெயில் எறித்தது. வெட்டு மெஷின் வயலில் இறங்கிவிட்டது. பாத்தும்மாவும் இரண்டு பெண்களும் விடியத் தொடங்கி வயல்காரருக்குச் சோறாக்கினார்கள். கீரி மீன் ஆணம், மாசிச் சம்பல், பருப்பு. முகைதீன்பாவா வந்து சோற்றுப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான் ஹிஷாமின் குரல் போனில் வந்தது.

“தாறாவாம்! ஒப்பந்தத்தில கையெழுத்தும் வைச்சிட்டா!”

பாத்தும்மா அகப்பையோடு நின்று “அல்ஹம்துலில்லாஹ்” என்று அழுதாள். றிஸ்லா அக்காவைக் கட்டிப்பிடித்தாள். முகைதீன்பாவா தலைத் துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு, “திங்கக்கிழம நொத்தாரிசிட்டப் போய் உறுதிய எழுதுவம்” என்றார். மருமகனிடம் வீடு எப்படி என்று ஒரு சொல் கேட்கவில்லை. சோற்றுப் பெட்டி ஆறிப்போகும் என்று மோட்டார் சைக்கிளை முடுக்கினார்.

எல்லாரும் கலைந்த பிறகுதான் ஸுஹைறா மிச்சத்தைக் கேட்டாள்.

“எப்ப இருந்து?”

“ஜூன் ஒண்டு. இப்ப இரிக்கிறவன் மே கடைசியில போறான்.”

“எவ்வளவு காலத்துக்கு?”

“ஒரு வருசம். பொறகு பாப்பம் எண்டு சொல்றா.”

“விசா முடிவு எப்ப வருமாம்?”

ஹிஷாம் யோசித்தான். “பன்ரெண்டு மாசம் எண்டு போட்டிரிக்கான். சிலருக்குக் கூடவும் எடுத்திரிக்கு.”

ஸுஹைறா விரல் மடக்கிப் பார்த்தாள். வருசம் முடிந்து தையில், மாசியில்தான் விசா. அவள் போய்ச் சேரும்போது கிழவியின் வீட்டில் மிஞ்சுவது நாலு மாதம். அதற்குள் கிழவிக்கு ஒன்று ஆனால்? அவளுடைய பிள்ளைகள் வீட்டை விற்றால்? விசாவே இல்லை என்று வந்தால்?

“நான் பாத்துக்குவன்,” என்றான் ஹிஷாம், அவள் கேட்காததற்கு.

அடுத்த மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. வெட்டின நெல்லைத் தெருவில் படங்கு விரித்துக் காயப்போட்டிருந்தார்கள். அவளும் றிஸ்லாவும் காலால் கிளறிக் கிளறி நடந்தார்கள். றிஸ்லா அலுமாரியை எந்தப் பக்கம் வைப்பது, அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்று கதைத்துக்கொண்டே வந்தாள். திடீரென்று நின்று, “ராத்தா, நீ போற வரைக்கும் உன்ட அறையிலயே இரி. நாங்க மத்த அறையில இரிக்கிறம்” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். தன் வீட்டில் இருக்கத் தங்கச்சி இடம் தருகிறாள் என்பது ஸுஹைறாவுக்கு நெல்லுக்குள் கிடந்த முள் காலில் ஏறின மாதிரி குத்தியது.

திங்கட்கிழமை கல்முனையில் நொத்தாரிசின் கந்தோர். முகைதீன்பாவா வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். மாப்பிள்ளையின் உம்மா சல்மா உம்மா, எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க வந்து சுவரோரக் கதிரையில் இருந்தாள். நொத்தாரிசு நன்கொடை உறுதியை வாசித்தார். வடக்கே இன்னார் வளவு, தெற்கே ஒழுங்கை, கிழக்கே, மேற்கே. வாசித்து முடித்துக் கண்ணை உயர்த்தி, எல்லாரிடமும் கேட்கிற கேள்வியை அவளிடமும் கேட்டார்.

“ஆர்ர வற்புறுத்தலும் இல்லாம, உங்கட சுய விருப்பத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா?”

ஸுஹைறா பேனையைக் கையில் வைத்திருந்தாள்.

“இல்ல சேர்,” என்றாள்.

நொத்தாரிசு பேப்பரைக் கீழே வைத்தார். முகைதீன்பாவாவுக்கு முதலில் விளங்கவில்லை.

“என்ன புள்ள சொல்ற?”

“வாப்பா, அங்க இரிக்கிறது ஒரு வருசத்துக் கடிதாசி. இது உறுதி. அங்க கால் ஊண்ட முதல் இதக் குடுக்க எனக்கு மனசு வருகுதில்ல. நான் போய்ச் சேந்து, அவர் வேலை வீடெண்டு நிலைச்சாப் பொறகு, அங்கிருந்தே எழுதி அனுப்பிறன். இப்ப ஏலா.”

“அவன்ட ஊட்டுக்குப் போற உனக்கு இஞ்ச என்னத்துக்கு ஊடு?”

“அது அவர்ர ஊடில்ல வாப்பா. அந்தக் கிழவிட ஊடு. அவ எழும்பெண்டா எழும்போணும். நான் அம்றாவத் தூக்கிக்கிட்டு வந்தா எங்க வருவன்? உங்கட குசினிக்கா?”

“நான் வாக்குக் குடுத்திட்டனே, புள்ள!” முகைதீன்பாவாவின் குரல் உடைந்தது. சல்மா உம்மா எழுந்தாள்.

“ஊடில்லாத இடத்துக்கு என்ட மகன் எப்படி மாப்பிள்ளையா வாற?” என்று பொதுவாகக் கேட்டுவிட்டு, புர்காவை இழுத்துச் சரிசெய்துகொண்டு வெளியேறினாள்.

ஓட்டோவில் திரும்பினார்கள். பாண்டிருப்புச் சந்தியில் மழை மறுபடி பிடித்தது. படங்கில் காய்ந்த நெல் நனைகிறதே என்றுகூட முகைதீன்பாவா சொல்லவில்லை. வீட்டு வாசலில் இறங்கி, முன்கதவைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு பின்வீட்டுக்குப் போனார்.

றிஸ்லா இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. பாத்தும்மா இரண்டு வீட்டுக்கும் நடுவில் சோற்றுக் கோப்பையோடு நடந்தாள். “நீ செஞ்சது பிழையெண்டு சொல்ல எனக்கு நாக்கு வரல்ல,” என்றாள் மூத்தவளிடம், “சரியெண்டும் சொல்ல ஏலாமக் கிடக்கு.”

ஹிஷாமிடம் போனில் சொன்னாள்.

“நான் உங்களக் காப்பாத்த மாட்டனெண்டு நினைச்சிட்டியா?”

“உங்கள நம்பாம இல்ல. பனியிலயும் குளிரிலயும் நீங்க அலையிறது எனக்குத் தெரியாதா? ஆனா அந்தக் கிழவி கேட்டாளே, அதுக்குப் பொறகு என்னால ஏலாமப் போச்சு.”

“அவ கேட்டத நான் சொல்லாம விட்டிருக்கோணும்,” என்றான். பிறகு, “இல்ல. சரிதான்,” என்றான். எந்த ‘சரி’ என்று அவளுக்குத் தெரியவில்லை. போன் வைத்த பிறகும் அதையே யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளை மிஹ்லார் தனியாக வந்தான். நிக்காஹ்வுக்கு முன்னால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிற வழக்கமில்லை. வேலைச் சீருடையோடேயே வந்திருந்தான். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீற்றர் வாசிக்கிற உத்தியோகம் அவனுக்கு. பின்வீட்டு வாசலில் முகைதீன்பாவா போட்ட கதிரையில் இருக்காமல் நின்றான். ஸுஹைறா கிணற்றடியில் நின்று கேட்டாள்.

“மாமா, உம்மா கதைச்சதுக்கு மனசில வைக்காதீங்க. நான் ஒரு இடம் பாத்திரிக்கன்.”

“என்ன இடம், மகன்?”

“கல்முனையில. சாமான் கடைக்கு மேல ரெண்டு அறை. எந்த ஊட்டில மீற்றர் சுத்தாமக் கிடக்கெண்டு எனக்குத் தெரியுந்தானே. அது ஏழு மாசமாச் சுத்தல்ல. சொந்தக்காரரோட கதைச்சிட்டன்.”

“வாடகைக்கா?” முகைதீன்பாவா அந்தச் சொல்லை வாயில் வைத்திருக்க முடியாதவர் போலச் சொன்னார். “என்ட மகள் வாடகை ஊட்டுக்கா?”

“ராத்தாட புருசன் அங்க தேடல்லையா மாமா? அவர் தேடினா நான் ஏன் தேடப் படாது? அத்திவாரம் இரிக்கு. ரெண்டு மூணு வருசத்தில நாம ரெண்டு பேரும் சேந்து எழுப்புவம்.”

முகைதீன்பாவா தலையைக் குனிந்து சேற்றுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மிஹ்லார் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஸலாம் சொல்லிப் போனான். அறைக் கதவு திறந்தது. றிஸ்லா வந்து கிணற்றடியில் முகம் கழுவினாள். அக்காவின் பக்கம் திரும்பாமல், “அந்தத் தலகணி உறையெல்லாம் பெட்டியில போட்டுத் தா” என்றாள்.

நிக்காஹ் நோன்புக்கு ஐந்து நாள் முன்னால் நடந்தது. ஸுஹைறாவின் மண்டபத்தில்தான். சல்மா உம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள், ஆனாலும் வந்தாள். சாப்பாடு நல்லாய் இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். சனம் கலைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வாசலில் ஓட்டோ வந்து நின்றது. அப்போதுதான் அந்த வீட்டில் எல்லாருக்கும் உறைத்தது.

அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணும் வாசலைத் தாண்டி மாப்பிள்ளையோடு போனதில்லை. வழியனுப்பி அழுகிற பழக்கம் அங்கே ஒருத்தருக்கும் இல்லை. பாத்தும்மாவுக்கு எந்த இடத்தில் நிற்பது என்று தெரியவில்லை. மகளின் கையை விடுவதா, பிடிப்பதா, ஓட்டோவோடு நடப்பதா? றிஸ்லா ஏறி இருந்த பிறகும் சும்மா அவளுடைய முக்காட்டை இழுத்து இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஸுஹைறா பெட்டியைப் பின்னால் ஏற்றினாள். றிஸ்லா எட்டி அக்காவின் விரலைப் பிடித்தாள்.

“உன்னோட கோபமில்ல ராத்தா. ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு,” என்றாள்.

“எனக்குந்தான்,” என்றாள் ஸுஹைறா.

ஓட்டோ ஒழுங்கையைத் தாண்டி, பிரதான வீதிக்கு ஏறி, பஸ் ஒன்றுக்குப் பின்னால் மறைந்தது. பாத்தும்மா உள்ளே போய்விட்டாள். முகைதீன்பாவா மட்டும் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் ஸுஹைறாவோடு கதைத்துப் பதினாறு நாளாகியிருந்தது. வாடகை ஒப்பந்தம் குடியேற்றக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்ததை அவள் உம்மாவிடம் சொல்ல, உம்மாதான் அவரிடம் சொன்னாள்.

ஸுஹைறா உள்ளே திரும்பினாள். பின்னாலிருந்து குரல் வந்தது.

“புள்ள.”

நின்றாள்.

“அந்தக் கிழவிட ஊடு,” என்றார் முகைதீன்பாவா. வீதியையே பார்த்துக்கொண்டிருந்தார். “வாசல் எந்தப் பக்கம் பாத்தது?”

அவளுக்குத் தெரியவில்லை. இத்தனை நாளில் அதைக் கேட்க அவளுக்கும் தோன்றவில்லை. கண் நிறைந்து வந்தது.

“கேட்டுச் சொல்றன் வாப்பா,” என்றாள்.